கெங்குவார்பட்டிக் கண்மாய் ஈரநிலமா?

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பேருந்து டம்டம் பாறையை நெருங்கியதும் சன்னலோரம் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். எதிர் மலையில் 297 மீட்டர் உயரத்திலிருந்து எலிவால்போல மெலிந்து விழுவது தலையாறு அருவி. அந்த நீர்தான் மஞ்சளாறாகக் கீழே இறங்கி, 57 அடி உயரமுள்ள மஞ்சளாறு அணையில் தேங்குகிறது. அணைக்கு அப்பால் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் வயலுமாகச் சமவெளி விரிகிறது. நடுநடுவே கண்ணாடித் துண்டுகளைச் சிதறவிட்டதுபோல மின்னுபவை கண்மாய்கள். அந்தச் சமவெளியில்தான் கெங்குவார்பட்டி இருக்கிறது.

அவ்வூரிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர், பிப்ரவரி 2ஆம் நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த ‘உலக ஈரநில நாள்’ சுவரொட்டியைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். “சார், எங்க ஊர்க் கண்மாய் ஈரநிலமா?” என்று கேட்டார். ‘ஆம்’ என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். நாடுகள் கூடிச் செய்த உடன்படிக்கையைக் கேட்டால் ஆம் என்கிறது. செயற்கைக்கோள் எடுத்த படமும் ஆம் என்கிறது. நம் நாட்டின் ஈரநில விதிகளோ இல்லை என்கின்றன. ஒரே கண்மாய்க்கு எப்படி இரண்டு விடைகள் இருக்க முடியும்? வாசகர்களே, இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஈரநிலம் என்பது யாது?

ஈரநிலம் என்றதும் நம்மில் பலர் சேறும் கோரையும் நிறைந்த சதுப்பை நினைத்துக்கொள்கிறோம். 1971ஆம் ஆண்டு பிப்ரவரி 2 அன்று, ஈரான் நாட்டில் காஸ்பியன் கடற்கரையிலுள்ள ராம்சர் நகரில் உருவான உடன்படிக்கை இதற்கு மிகப் பரந்த பொருளைத் தந்தது. சதுப்பு, கரிச்சேற்று நிலம், நீர்ப்பரப்பு ஆகிய யாவும் ஈரநிலமே. அது இயற்கையில் அமைந்ததாகவோ மனிதன் வெட்டியதாகவோ இருக்கலாம். ஆண்டு முழுதும் நீர் நிற்கலாம், சில மாதம் மட்டும் நிற்கலாம். நீர் தேங்கலாம், ஓடலாம். அது நன்னீராகவோ உவர்நீராகவோ கடல்நீராகவோ இருக்கலாம். கடலாக இருந்தால் வற்று நேரத்தில் ஆழம் 6 மீட்டருக்கு மிகாமல் இருக்கவேண்டும், அவ்வளவே.

இந்த இலக்கணத்தில் கெங்குவார்பட்டிக் கண்மாய் எளிதாக அடங்கிவிடும். சொல்லப்போனால் நம் முன்னோர் இவற்றிற்குத் தனித்தனிப் பெயரே வைத்திருந்தனர். கண்மாய், ஏரி, ஏந்தல், தாங்கல், குளம், ஊருணி, குட்டை, கழுவெளி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஒரு பொருளுக்கு இத்தனை பெயர் இருந்தால் அது அன்றாட வாழ்வோடு எவ்வளவு ஒட்டியிருந்தது என்று தெரிந்துகொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டும் ‘ஈரநிலம்’ என்ற சொல் நமக்குப் புதிது.

கண்மாய் என்ன வேலை செய்கிறது?

மழைநீரைச் சேர்த்து மடை வழியே வயலுக்கு விடுவது என்று உடனே சொல்லிவிடுவீர்கள். அது கண்ணுக்குத் தெரியும் வேலை. தெரியாத வேலைகளைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

40 ஹெக்டேர் நீர்ப்பரப்பும் சராசரியாக ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள கண்மாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 6 லட்சம் கன மீட்டர், அதாவது 60 கோடி லிட்டர் நீர் இருக்கும். நல்ல வெயில் நாளில் 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளில் 20 லட்சம் லிட்டர் போய்விடும். ‘வீணாகப் போயிற்றே’ என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் நீர் சும்மா ஆவியாகாது. 30 டிகிரி வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். இதை உள்ளுறை வெப்பம் என்கிறோம். அப்படியானால் நம் கண்மாய் ஒரே நாளில் 1,16,000 கோடி கலோரியை விழுங்குகிறது. மின்சாரக் கணக்கில் சொன்னால் 13 லட்சம் யூனிட்டுக்கும் மேல்! இந்த வெப்பம் தரையையும் காற்றையும் சுடவைக்காமல் நீராவியோடு மேலே போய்விடுகிறது. கோடை மாலையில் கண்மாய்க் கரையில் ஏன் ஊரே வந்து உட்காருகிறது என்பதற்கு இயற்பியல் தரும் விடை இதுதான்.

இரண்டாவது வேலை நிலத்துக்கு அடியில் நடக்கிறது. கண்மாயின் நீர் அடிமண்ணின் நுண்துளைகள் வழியே மெல்லக் கசிந்து சுற்றியுள்ள கிணறுகளை அடைகிறது. கண்மாய் பெருகிய சில வாரங்களில் பாசனப் பரப்பிலுள்ள கிணறுகளில் நீர்மட்டம் ஏறுவதை எந்த உழவரும் சொல்வார். இந்தக் கசிவின் வேகம் அடிமண்ணைப் பொறுத்தது. மணல் என்றால் விரைவு, களி என்றால் மிக மெதுவு. மழைநீர் ஆண்டுதோறும் கொண்டுவந்து சேர்க்கும் வண்டல் துளைகளை அடைத்துக்கொள்ளும். ஆகவேதான் கோடையில் கண்மாய் காய்ந்ததும் கரம்பை மண்ணை வெட்டி வண்டியில் ஏற்றி வயலில் போடும் வழக்கம் ஏற்பட்டது. வயலுக்கு உரமும் ஆயிற்று, கண்மாய்க்கு ஆழமும் ஆயிற்று.

ஆழம் என்றதும் ஓர் எச்சரிக்கையைச் சொல்லவேண்டும். நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்ததே தவிரப் பரப்பைப் பொறுத்ததன்று. 10 ஏக்கர் கண்மாயானாலும் 1,000 ஏக்கர் கண்மாயானாலும், 3 மீட்டர் ஆழத்தில் கரையின் அடியை ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 3 டன் வீதம் நீர் தள்ளுகிறது. கரையை அடியில் அகலமாகவும் மேலே குறுகலாகவும் போடுவது அதனால்தான். இன்று எந்திரங்களைக் கொண்டு கரையை ஒட்டியே ஆழமாகத் தோண்டிவிட்டு ‘தூர் வாரினோம்’ என்கிறார்கள். அது கரையின் காலை வெட்டுவதற்குச் சமம். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால், அங்கே தேங்கும் நீர் தானாக வயலுக்கு ஏறவும் ஏறாது. கிணற்றுக்கு உதவலாம், நெல்லுக்கு உதவாது. தூர் வாருவதிலும் இவ்வளவு யோசிக்கவேண்டியிருக்கிறது.

மலைமேல் இன்னொரு பஞ்சு

கெங்குவார்பட்டிக்கு வரும் நீரின் கதை கண்மாயில் தொடங்குவதில்லை. பழனிமலையின் உச்சியில் சோலைக்காடுகளும் அவற்றைச் சூழ்ந்த புல்வெளிகளும் இருக்கின்றன. அங்குள்ள இலைமக்கு நிறைந்த கருமண் மழையைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் ஓடைகளுக்குச் சொட்டுச் சொட்டாக விடுகிறது. பள்ளங்களில் சதுப்புகளும் உண்டு. கொடைக்கானல் ஏரியே 1863இல் வியர் லெவிஞ்சு என்ற ஆங்கிலேய அதிகாரி அத்தகைய சதுப்பு ஒன்றின் குறுக்கே அணையிட்டு உண்டாக்கியதுதான். படகு விடுகின்ற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பிற்காலத்தில் அந்தப் புல்வெளிகளில் தைல மரத்தையும் வேல மர இனத்தைச் சேர்ந்த வேட்டில் மரத்தையும் பெருமளவில் நட்டார்கள். புல்வெளியைத் ‘தரிசு’ என்று எண்ணியதால் வந்த வினை. 2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் நீலகிரியின் கோத்தகிரி அருகேயுள்ள லாங்வுட் சோலை ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஒரு காட்டை ஈரநிலமாக ஏற்றுக்கொண்டது பலருக்கு வியப்பாக இருந்தது. சோலையின் பஞ்சு வேலையைப் புரிந்தவர்களுக்கு அதில் வியப்பில்லை.

விண்ணிலிருந்து எண்ணிய கதை

காப்பாற்றவேண்டுமானால் முதலில் எண்ணவேண்டும். நாடு முழுதும் நடந்தே எண்ணுவது ஆகிற காரியமா? அகமதாபாதிலுள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் இந்த வேலையை ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோளிடம் விட்டது.

நீர் எப்படி விண்ணிலிருந்து அடையாளம் தெரிகிறது? நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளிக்குச் சற்று அப்பால், அலைநீளம் 0.8 மைக்ரான் அளவில் இருப்பது அண்மை அகச்சிவப்புக் கதிர். பச்சை இலை இக்கதிரை நன்றாகத் திருப்பி அனுப்பும். தெளிந்த நீரோ ஏறக்குறைய முழுவதையும் விழுங்கிவிடும். ஆகவே இக்கதிரில் எடுத்த படத்தில் வயல் பளிச்சென்றும் கண்மாய் கன்னங்கரேலென்றும் விழும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆகாயத்தாமரை மூடிய கண்மாய், இலையின் ஒளியைத் திருப்பி அனுப்பி, ‘நான் ஒரு வயல்’ என்று செயற்கைக்கோளை ஏமாற்றும். பங்குனி, சித்திரையில் வற்றிக் கிடக்கும் கண்மாய் வெறும் பொட்டலாகத் தெரியும். ஆகையால் மழைக்கு முன்னும் பின்னுமாக இரு பருவப் படங்களை ஒப்பிட்டார்கள்.

2006-07ஆம் ஆண்டுப் படங்களைக் கொண்டு 2011இல் தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பு வெளியாயிற்று. அதில் 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவை 2,01,503. அதற்கும் சிறியவை 5,55,557. தமிழ்நாட்டில் மட்டும் ஈரநிலப் பரப்பு சுமார் 9 லட்சம் ஹெக்டேர். அதென்ன 2.25 ஹெக்டேர் என்ற விந்தையான எல்லை? 150 மீட்டர் நீளம், 150 மீட்டர் அகலம் கொண்ட சதுரத்தின் பரப்பு அது. 50,000இல் ஒரு பங்காகச் சுருக்கிய படத்தில் அது 3 மில்லிமீட்டர் சதுரமாக வரும். மிளகைவிடச் சிறியது! அதற்கும் சிறியவற்றைப் படத்தில் எல்லைக்கோடு போட்டு வரைய முடியாது, புள்ளி வைத்துவிட்டுப் போகவேண்டியதுதான். ஓர் ஊரின் குட்டை எல்லைக்கோடு பெறுவதும் புள்ளியாக நிற்பதும் வரைபடத்தின் அளவினால் வந்த வேறுபாடு. ஊர் மக்களுக்கு அந்தக் குட்டை எவ்வளவு வேண்டியது என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

எண்ணியதன் பயன் விரைவில் தெரிந்தது. 2017 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், இந்த 2,01,503 ஈரநிலங்களையும் 2010ஆம் ஆண்டு விதிகளின் நெறிப்படி காக்கவேண்டும் என்று ஆணையிட்டது. 2021இல் வந்த புதிய தொகுப்பில் எண்ணிக்கை 2,31,195 ஆயிற்று. 2024 டிசம்பரில், அவற்றை நேரில் சென்று சரிபார்த்து எல்லை வகுக்கும்படி அதே நீதிமன்றம் மாநிலங்களைப் பணித்தது.

அரசு செய்ததும் கற்றதும்

இந்தியா 1982 பிப்ரவரியில் ராம்சர் உடன்படிக்கையில் சேர்ந்தது. முதலில் பட்டியலிட்டவை இரண்டு. ஒடிசாவின் சிலிகா ஏரி ஒன்று, இராஜஸ்தானத்தின் கேவலாதேவ் பறவைக் காடு மற்றொன்று. 1985-86இல் தேசிய ஈரநிலப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. இந்த இரு இடங்களின் வரலாறே நமக்குப் போதிய பாடம்.

சிலிகா கடலோடு சேரும் உவர்நீர் ஏரி. மணலும் வண்டலும் முகத்துவாரத்தை அடைத்ததால் உப்பு குறைந்தது, களைகள் மண்டின, மீன் குறைந்து மீனவர் வருவாய் படுத்தது. 1993இல் அது ‘ஆபத்திலுள்ளவை’ பட்டியலுக்குப் போயிற்று. நீரோட்டத்தை ஆராய்ந்த பிறகு 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டினார்கள். கடலுக்குப் போகும் வழி 18 கிலோமீட்டர் சுருங்கியது. அலையேற்றம் மீண்டும் உள்ளே வந்தது, உப்பின் அளவு சரியாயிற்று, மீன் பெருகிற்று. 2002இல் அந்த ஆபத்துப் பட்டியலிலிருந்து சிலிகா நீங்கியது.

கேவலாதேவின் கதை வேறு. இது இயற்கை ஏரியே அன்று. பரத்பூர் மன்னர்கள் கரை போட்டுத் தேக்கி, வாத்து வேட்டைக்கு வைத்திருந்த பள்ளம். 1982இல் அங்கு மாடு மேய்ப்பதைத் தடை செய்தார்கள். ஊரார் எதிர்த்தனர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பிறகு நடந்தது யாரும் எதிர்பாராதது. எருமைகள் தின்று கட்டுக்குள் வைத்திருந்த ஒருவகை நீர்ப்புல் தடையின்றி வளர்ந்து நீர்ப்பரப்பையே மூடியது. பறவைக்கு இடமில்லாமற் போயிற்று. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல்லாண்டு ஆராய்ந்து இதை வெளியிட்டனர். மனிதன் கையால் உண்டான ஈரநிலத்தில் மனிதனும் அவன் மாடும் அந்த எந்திரத்தின் பற்சக்கரங்கள். அவற்றைக் கழற்றிவிட்டு எந்திரம் ஓடவேண்டும் என்று எதிர்பார்த்தது பிழை.

நம் வேடந்தாங்கலில் இதற்கு நேர்மாறான காட்சி. பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்று கண்ட ஊரார், வேட்டைக்காரர்களைத் தடுக்கத் தாமே அரசிடம் உரிமை கேட்டனர். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அதற்கு எழுத்து வழி ஒப்புதல் தந்தார். ராம்சர் நகரம் நினைப்பதற்கு 173 ஆண்டு முன்பே! வேடந்தாங்கல் இன்றும் பாசன ஏரிதான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டின் கோடியக்கரை 2002இல் ராம்சர் இடமாயிற்று. அதன் பின் இருபதாண்டுகள் ஒன்றும் சேரவில்லை. 2022இல் ஒரே ஆண்டில் பள்ளிக்கரணை, பிச்சாவரம், வேடந்தாங்கல், கரிக்கிலி, கூந்தன்குளம், வடுவூர் என்று பதின்மூன்று இடங்கள் சேர்ந்தன. அதே ஆண்டு மாநில அரசு, ஐந்தாண்டுகளில் 100 ஈரநிலங்களைக் காக்கும் நோக்குடன் தமிழ்நாடு ஈரநில இயக்கத்தைத் தொடங்கியது. 2025 பிப்ரவரியில் இராமநாதபுரத்தின் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்களோடு தமிழகத்தின் எண்ணிக்கை 20 ஆயிற்று. தேனி மாவட்டத்துக்கு அவற்றில் ஓரிடமும் இல்லை.

விதியில் உள்ள ஓட்டை

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். 2010ஆம் ஆண்டு ஈரநில விதிகள் தம் இலக்கணத்தில் ஏரி, குளம், நீர்த்தேக்கம் எல்லாவற்றையும் சேர்த்திருந்தன. ஆனால் சமவெளியில் 500 ஹெக்டேருக்குக் குறைந்தவை பெரும்பாலும் அவற்றின் கைக்கு எட்டவில்லை. 2017 செப்டம்பரில் வந்த புதிய விதிகள் பொறுப்பை மாநில ஈரநில ஆணையங்களிடம் தந்தன. ஆக்கிரமிப்பு, தொழிற்சாலை, குப்பை கொட்டுதல், கழிவுநீர் விடுதல், வெள்ளமட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிலையான கட்டடம் ஆகியவற்றுக்குத் தடை விதித்தன. நல்ல விதிகளே. ஆனால் ‘ஈரநிலம்’ என்பதற்குப் பொருள் கூறும் இடத்தில், ஆற்றுப்படுகை, நெல்வயல் ஆகியவற்றோடு, குடிநீர், மீன்வளர்ப்பு, உப்பு, பொழுதுபோக்கு, பாசனம் ஆகியவற்றுக்கென்றே மனிதன் வெட்டிய நீர்நிலைகளையும் விலக்கிவிட்டன.

பாசனத்துக்காக வெட்டியவை விலக்கு என்றால் தமிழ்நாட்டில் மீதம் என்ன? நம்மிடமுள்ள சுமார் 39,000 ஏரி, கண்மாய்களில் மிகப் பெரும்பாலானவை பாசனத்துக்கென உண்டானவை. வேடந்தாங்கலும் வடுவூரும் சித்திரங்குடியும் அப்படியே. அவற்றைப் பறவைகள் காப்பாற்றின. பறவை வந்தது, சரணாலயம் ஆயிற்று, ராம்சர் பட்டியலில் ஏறிற்று. கூழைக்கடா கூடு கட்டாத கண்மாய் என்ன பாவம் செய்தது? 60 கோடி லிட்டர் பிடிப்பதும் கிணற்றை ஊறவைப்பதும் அதுவும் செய்கிற வேலைதானே.

‘ஈரநில விதி இல்லாவிட்டால் வேறு சட்டம் இல்லையா?’ என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2001இல் உச்சநீதிமன்றம் குளம் குட்டைகள் ஊர்ப்பொதுச் சொத்து, ஆக்கிரமிப்பை அகற்றவேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2007இல் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதுவும் பொதுப்பணித் துறையின் பொறுப்பிலுள்ள ஏரிகளுக்கு மட்டும். ஏறத்தாழ 40 ஹெக்டேருக்குக் குறைந்த பாசனப் பரப்புள்ள சிறு கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியங்களின் கையில் இருக்கின்றன. எண்ணிக்கையில் அவையே மிகுதி. அவற்றுக்கு 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமே துணை. அச்சட்டம் ஆக்கிரமித்தவனை வெளியேற்றும். வரத்து வாய்க்கால் தூர்ந்ததையோ, சாக்கடை வந்து சேர்வதையோ, சீமைக் கருவேலம் மண்டுவதையோ அது கேட்காது.

ஆக்கிரமிப்பவர் எப்போதும் தனியார்தானா என்றால், அதுவும் இல்லை. சென்னை மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கத்தில் ‘லேக் ஏரியா’ இருக்கிறது, ஏரியைக் காணோம். தமிழகத்தின் பல ஊர்களில் பேருந்து நிலையத்துக்கும் அலுவலகத்துக்கும் இடம் தேடியபோது, யாருக்கும் இழப்பீடு தரத் தேவையில்லாத நிலமாகக் கண்மாயே அதிகாரிகளின் கண்ணில் பட்டது.

2017இல் அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியது, முதற்கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள். கண்மாயில் வண்டல் எடுக்க உழவர்களுக்குக் கட்டணமில்லாமல் ஒப்புதலும் தந்தது. கேவலாதேவில் கற்ற பாடத்தை நினைத்துப் பார்த்தால் இது சரியான திசையே. பாசனம் செய்பவன் கையை விட்ட கண்மாய் விரைவில் குப்பைமேடாகும்.

ஆக, மாணவரிடம் நான் சொன்ன விடை இது. “உங்க ஊர்க் கண்மாய் ஈரநிலந்தான், தம்பி. ஆனா இந்த விதியின் கணக்கில் அது ஈரநிலம் இல்லை.” அவர் விடவில்லை. “அந்த 50 மீட்டரை எங்கிருந்து அளப்பாங்க சார்?” என்றார். நல்ல கேள்வி. விதி நடைமுறைக்கு வந்த நாளுக்கு முந்தைய பத்தாண்டுகளின் சராசரி உயர்ந்த வெள்ளமட்டத்திலிருந்து அளக்கவேண்டும் என்கிறது விதி. பெரிய அணைகளுக்கு நாள்தோறும் நீர்மட்டம் எழுதுகிறார்கள். சிறு கண்மாயில் யார் எழுதினார்கள்? கலுங்குக் கல்லில் படிந்த பாசிக்கோடும் முதியவர்களின் நினைவும் மட்டுமே சான்று.

அவ்வாண்டு ஐப்பசி மழைக்கு முன் அந்த மாணவரும் நண்பர்கள் இருவரும் மடைக்குப் பக்கத்தில் ஒரு கல்தூணை நட்டு, சென்டிமீட்டர் கணக்கில் வெள்ளைக்கோடு தீட்டினார்கள். ஞாயிறுதோறும் காலையில் மட்டத்தைப் பார்த்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுகிறார்கள். பக்கத்துக் கிணற்றின் நீர்மட்டத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பத்தி. கண்மாய் ஏறி எத்தனை நாள் கழித்துக் கிணறு ஏறுகிறது என்று வரைபடத்தாளில் போட்டுக்கொண்டு வரச்சொல்லியிருக்கிறேன்.